பின்வரிசைக் குரல்

மூன்று வாக்கியம் போதும் அவளுக்கு. எதிர்முனையில் இருப்பவர் வணக்கம் சொல்லி, எந்த நாள், எத்தனை பேர் என்று சொல்லி முடிப்பதற்குள், அவர் கடலைப் பார்த்துப் படுக்க வேண்டியவரா, சமையலறைச் சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டியவரா என்று தீர்மானித்துவிடுவாள். அலுவலகத்தில் மற்ற மூன்று பெண்களும் நேரில் ‘அக்கா’ என்பார்கள். அவள் எழுந்து போனதும் ‘காது’ என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை. ஊரில் எத்தனை பேருக்குத் தொழிலே பெயராக ஒட்டுகிற அளவுக்குத் தொழில் தெரியும் என்று நினைத்துக்கொள்வாள்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். நான்கு மேசை, நான்கு தொலைபேசி, தலையில் மாட்டுகிற ஒலிவாங்கி, சுவரில் பெரிய வரைபடம். அவர்கள் இடம் பதிவு செய்து கொடுக்கிற கிளப் அங்கே இல்லை. அது நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம், கடற்கரையை ஒட்டி. காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கான இடம். நீச்சல் குளம், குடைகள், குளிர்ந்த பழச்சாறு, வெள்ளைத் துணி விரித்த எண்பத்துநான்கு சாய்வுப் படுக்கைகள். வரைபடத்தில் ஒவ்வொரு படுக்கைக்கும் ஓர் எண். முன்வரிசை கடலுக்கு நேர் எதிரே. நடுவரிசை குளத்தைச் சுற்றி. பின்வரிசை சமையலறைக்குப் பின்னால், ஜெனரேட்டருக்கும் டவல் துவைக்கிற கொட்டகைக்கும் நடுவில். மூன்றுக்கும் ஒரே கட்டணம். அது வாடிக்கையாளருக்குத் தெரியும். எந்த வரிசை கிடைக்கும் என்பதும், ஏன் கிடைத்தது என்பதும் தெரியாது.

போன் வந்ததும் பச்சைச் சீட்டு ஒன்றை இழுத்து விவரம் எழுத வேண்டும். மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் மு, ந, பி, இந்த மூன்றில் ஒன்று. மாலை நான்கு மணிக்கு எல்லாச் சீட்டும் முதல் மேசைக்கு, அதாவது அவளிடம் வரும். அவள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் கிளப்புக்குப் போகும்.

மேனேஜர் இந்த முறையைக் கொண்டுவந்தபோது குத்துமதிப்பாகத்தான் சொன்னார்: “முன்னாடி நல்ல ஆளுங்களா இருக்கட்டும். போட்டோல விழற இடம்.” அதை ஒரு கலையாக்கியது அவள். பதினோரு வருடம் கேட்டுக் கேட்டு அவள் கண்டுபிடித்த விதி வேறு. மூன்றாம் மேசைக்குப் புதிதாக வந்தவளுக்கு முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிக் கொடுத்தாள்.

“பணம் இருக்கா இல்லையான்னு பாக்காதே. பணக்காரன் கூடச் சில பேர் பின்னாடி போட்டா பேசாம படுத்துக்குவான். யாரு சண்டை போடுவாங்களோ அவங்களுக்கு முன்னாடி. யாரு பொறுத்துக்குவாங்களோ அவங்களுக்குப் பின்னாடி. அவ்வளவுதான்.”

“பொறுத்துக்குவாங்கன்னு எப்படிக்கா தெரியும்?”

“மன்னிப்பு கேப்பாங்க. ஒண்ணுமே பண்ணியிருக்க மாட்டாங்க, ஆனா மன்னிச்சுக்குங்கன்னு சொல்வாங்க. அந்த வார்த்தை காதுல விழுந்துச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டு பி போடு. திரும்பி வந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.”

மூன்றாம் மேசைக்காரி அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நாற்பதை நெருங்குகிற பெண், பிழைப்பு தேடி வந்தவள், எதையும் எழுதிக்கொள்கிறவள். காதின் விதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. உலகம் பெரும்பாலும் இப்படித்தான் இடம் பிரித்துக் கொடுக்கிறது. அதைச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள் என்பது மட்டுமே அவளிடம் இருந்த வித்தியாசம்.

அவளுக்கு ஓர் அக்கா. வேறு நாட்டில் இருந்தாள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை புருஷனோடும் இரண்டு பெண்களோடும் வந்து ஒரு வாரம் தங்கிப் போவாள். தங்குவது ஓட்டலில், தங்கை வீட்டில் அல்ல. தங்கைக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அக்கா கேட்டதே இல்லை. கேட்காமல் இருக்கிறேன் பார் என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் தெரியும்படி நடந்துகொள்வாள். போன முறை வந்தபோது, தங்கை தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில், “போன் எடுக்கறவதானே நீ, அதுக்கு எதுக்குடி இவ்வளவு நீட்டி முழக்கறே?” என்று கேட்டுவிட்டு டீயை ஊதிக் குடித்தாள்.

அந்த ஒரு வாக்கியம் நான்கு வருடம் அவள் வயிற்றில் கிடந்தது. இந்த முறை அக்கா வருவதாகத் தகவல் வந்ததும் போனிலேயே சொல்லிவிட்டாள்: “நான் கையெழுத்துப் போடாம அங்க ஒருத்தரும் முன்வரிசைல படுக்க முடியாது, தெரியுமா?”

“அப்படியா? அப்ப எங்களைக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வை, பாக்கலாம்,” என்றாள் அக்கா.

அக்கா புருஷன் பக்கத்திலிருந்து, “நானே போன் பண்ணி புக் பண்ணிடறேனே, அவளுக்கு எதுக்குச் சிரமம்?” என்பது கேட்டது. அந்தக் குரலுக்கு முன்வரிசை கேட்காமலே கிடைக்கும். அவள் கேட்டதுமே எடைபோட்டுவிட்டாள். ஆனால் அக்கா புருஷனின் குரலால் கிடைக்கிற இடத்தில் போய்ப் படுப்பதற்கு அவள் எதற்கு?

“நீங்க விருந்தாளி, அத்தான். நான் பாத்துக்கறேன்,” என்றாள்.

பார்த்துக்கொள்வது அத்தனை சுலபமாக இல்லை. ஊழியரும் ஊழியரின் குடும்பமும் கிளப்புக்குப் போனால் ஊழியர் பாஸ். அந்தப் பாஸுக்குப் பின்வரிசைதான், அதுவும் வார நாளில் மட்டும். அவள் பெயரில் பதிவு செய்ய முடியாது. மேனேஜரிடம் கேட்கலாம், ஆனால் மேனேஜரிடம் கேட்டு வாங்குகிற இடம் அவள் அக்காவிடம் சொன்ன இடம் இல்லை. வாசலில் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்பதால் வருகிறவர்களில் ஒருவர் பெயரில்தான் பதிவும் இருக்க வேண்டும். அக்கா குடும்பத்தை விட்டுவிட்டால் மிஞ்சியது ஒரே ஆள். அவள் புருஷன்.

அவர் வண்டிகளுக்குச் சீட் தைப்பவர். வேன், கார், லாரி எதுவானாலும். பழைய உறையைக் கிழித்தெறிந்து, ஸ்பாஞ்சை வெட்டி, ரெக்சினை இழுத்துப் பிடித்துத் தைப்பார். வேலை சுத்தம். நேரத்துக்கு முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தத் தொழிலில் யாருமே சொன்ன நாளில் வண்டியைக் கொடுப்பதில்லை. அதனால் காலை முதல் சாயங்காலம் வரை வண்டிக்காரர்களிடம் போனில் பேசுவதும் வேலையின் ஒரு பகுதி. இருபத்தாறு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நான் போன் பண்ணணுமா? உங்க ஆபீஸுக்கா?”

“ஆமா. சாதாரண கஸ்டமர் மாதிரி.”

“நான் சாதாரண கஸ்டமர்தானே.”

“அதுதான் பிரச்சினை,” என்றாள்.

ஐந்து நாள் ஒத்திகை நடந்தது. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவர். அவள் காதில் கையை வைத்துக்கொள்வாள்.

“வணக்கம், கடற்கரை கிளப். சொல்லுங்க.”

“வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா?”

“அதெல்லாம் கேக்கக்கூடாது. அவங்க நல்லா இருந்தா உங்களுக்கு என்ன, இல்லாட்டி என்ன?”

“கேட்டா என்ன தப்பு?”

“கேட்டா நீங்க பின்னாடி. மறுபடி ஆரம்பிங்க. பெரிய மனுஷன் மாதிரி பேசுங்க.”

“பெரிய மனுஷன் எப்படிப் பேசுவான்?”

“எதிர்ல ஒரு ஆள் இருக்குன்னே நினைக்காம பேசுவான்.”

அவர் தொண்டையைச் செருமி, “ஞாயித்துக்கிழமை. ஆறு பேர்,” என்றார்.

“ம். இதுதான். அப்புறம் அவங்க, சரி சார்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்தது கேக்கணும். ரெண்டு காரு நிறுத்த நிழல்ல இடம் இருக்கான்னு கேளுங்க.”

“நம்மகிட்ட காரே இல்லையே.”

“இருக்கான்னு அவங்க வந்து பாக்கப் போறாங்களா? கேளுங்க.”

மூன்றாம் நாள் பட்டறையில் வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்ததாகச் சொன்னார். வேன்காரர் ஒருவர் பயந்துபோய், ஏன் அண்ணே கோபமாக இருக்கிறீர்கள் என்று கேட்டாராம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் பேசியதைக் கண்ணை மூடிக் கேட்டாள். யாரோ ஒருவரின் குரல். கண்டிப்பாக மு.

கிளப்பின் ஒரு நாளை அவள் மணி மணியாகப் பிரித்து எழுதி வைத்திருந்தாள். பத்து மணிக்கு முன்வரிசைக் குடைகளின் நிழல் எந்தப் பக்கம் விழும், பன்னிரண்டுக்குக் காற்று எங்கிருந்து வரும், இரண்டு மணிக்கு எந்த எண் படுக்கையிலிருந்து எழாமலே பழச்சாறு கேட்கலாம், எல்லாம் தெரியும். ஆயிரக்கணக்கானவர்களிடம் சொன்னதுதான். அங்கே ஒரு தடவையும் போனதில்லை என்பது அவள் சொல்வதன் அழகைக் குறைத்ததில்லை. அக்காவுக்குப் பதினேழு, தனக்குப் பதினெட்டு என்று எண் வரை மனதில் முடிவு செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை பதினொன்றே கால், அவரைக் கூப்பிடச் சொல்லியிருந்த நேரம். அந்த நேரத்தில் முதல் மேசைக்கு போன் வராது. அவள் முந்தைய நாள் புகார்களைப் பார்க்கிற நேரம் அது. மூன்றாம் மேசையில் விளக்கு மினுக்கியது. மூன்றாம் மேசைக்காரி சீட்டை இழுத்தாள்.

“வணக்கம், கடற்கரை கிளப். சொல்லுங்க… சரி சார்… ஆறு பேர் சார்… ஆமா சார், நிழல்ல பார்க்கிங் இருக்கு… ரெண்டு வண்டியா சார்? நிறுத்தலாம் சார்.”

காது புகார்க் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மேசைக்காரி ஐந்து தடவை சார் போட்டுவிட்டாள். நல்ல சகுனம். அவளுடைய பேனா மூலைக் கட்டத்துக்கு மேலே வந்து நின்றது. பெயர் எழுதினாள், அட்டை எண் எழுதினாள். முடியப் போகிறது.

“ஐயோ, அதுக்கென்ன சார்? பரவால்ல சார்.”

சொன்னவள் மூன்றாம் மேசைக்காரி. ஆனால் அந்தப் ‘பரவால்ல’வுக்கு முன்னால் எதிர்முனையில் என்ன சொல்லப்பட்டிருக்கும் என்று கேட்காமலே காதுக்குக் கேட்டது. பேனா இறங்கியது. சின்னக் கட்டத்தில் ஒரே எழுத்து.

போனை வைத்துவிட்டு மூன்றாம் மேசைக்காரி திரும்பிச் சிரித்தாள்.

“ஏமாந்திருப்பேன்க்கா. என்ன தோரணை. மு போடறதுக்குப் பேனாவையே வெச்சுட்டேன். கடைசில பாத்தா, ‘உங்க நேரத்தை எடுத்துக்கிட்டேன், மன்னிச்சுக்குங்கம்மா’ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான், ஆள் கழண்டுட்டார்.”

“ம்,” என்றாள்.

“சரியாத்தானே போட்டிருக்கேன்?”

“சரிதான்.”

நான்கு மணிக்குச் சீட்டுக் கட்டு வந்தது. எழுத்தை மாற்ற அவளுக்கு அதிகாரம் உண்டு. மாற்றினால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் மேனேஜர் அந்த அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்பார். மேனேஜரின் கார் சீட்டைப் போன வருடம் தைத்தவர் அவள் புருஷன்தான். பதினைந்து நாள் தாமதம், நாளுக்கு ஒரு மன்னிப்பு. அந்தக் குரலை மேனேஜர் கனவில்கூடக் கண்டுபிடிப்பார். ஊழியர் குடும்பம் என்பதை மறைத்துப் பதிவு செய்தது தெரிந்தால் முதல் மேசை போய்விடும். இந்தக் கணக்கையெல்லாம் அவள் போட்டுப் பார்த்தது உண்மை. ஆனால் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அது இல்லை. சீட்டில் தப்பே இல்லை. வேறொரு பெண் அதே குரலுக்கு மு போட்டிருந்தால் அவளே கூப்பிட்டுத் திருத்தியிருப்பாள்.

கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குப் போனபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். “நல்லா பேசினேன்ல?”

“நல்லா பேசினீங்க.”

“அந்தப் பொண்ணு எத்தனை சார் போட்டுச்சு தெரியுமா?”

தெரியும் என்று அவள் சொல்லவில்லை. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் யாராவது வராமல் போவார்கள், நேரில் போய்ப் பேசி மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்று ராத்திரி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா புருஷன் வாடகைக்கு எடுத்த பெரிய வண்டியில் ஆறு பேரும் போனார்கள். அவள் புருஷன் சீட்காரர் கடைசி வரிசையில், பைகளுக்கும் டவல்களுக்கும் நடுவில். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் உறையின் தையலை விரலால் நெருடிப் பார்த்தார்.

“என்ன சகலை, தையல் எப்படி?” என்று முன்னாலிருந்து கேட்டார் அக்கா புருஷன்.

“ரெண்டு மாசத்துல விட்டுடும்.”

“அப்ப உங்களுக்கு ஒரு வேலை வருது,” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கிளப் வாசலில் அட்டையைக் காட்டியதும் வெள்ளைச் சட்டைப் பணியாளர் ஒருவர் பைகளை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். முதலில் கடல் தெரிந்தது. அவள் பதினோரு வருடமாகச் சொன்ன அதே கடல், சொன்ன இடத்தில், சொன்ன நீலத்தில். பதினேழாம் எண்ணில் யாரோ ஒரு பெண்மணி தொப்பியால் முகத்தை மூடிப் படுத்திருந்தாள். பணியாளர் நிற்கவில்லை. குளத்தைத் தாண்டினார். அக்காவின் நடை தளர்ந்தது.

“இன்னும் போகணுமா?”

“கொஞ்சம்தான் மேடம்.”

சமையலறை மூலை திரும்பியதும் எண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. சுவரில் புகை வெளியேற்றுகிற விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறுபக்கம் ஈர டவல்கள் தொங்குகிற கயிறுகள். நடுவில் அவர்களுக்கான ஆறு படுக்கைகள் வரிசையாக, அதே வெள்ளைத் துணியோடு. கடல் இருக்கும் திசையில் சுவர் இருந்தது. பணியாளர் பைகளை வைத்துவிட்டு, “இனிமையா பொழுது போகட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவர் சொல்ல வேண்டிய வாக்கியம்.

அக்கா உட்காரவில்லை. சுவரைப் பார்த்தாள். டவல்களைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

“இதுக்குத்தான் கையெழுத்துப் போடறியா நீ?”

அப்போது அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பேசாமலும் இருந்திருக்கலாம். இரண்டையும் விட எளிதான ஒன்று பக்கத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

“நான் புக் பண்ணலக்கா. இவர் பண்ணார். இவர் குரலுக்கு இதுதான் கிடைக்கும்.”

“குரலுக்கா?” என்றார் அக்கா புருஷன்.

அவள் சொன்னாள். மூன்று எழுத்தையும், மூலைக் கட்டத்தையும், மன்னிப்புக் கேட்பவர்கள் சண்டை போடமாட்டார்கள் என்பதையும். சொல்லச் சொல்ல அக்காவின் முகத்தில் நான்கு வருடமாகப் பார்க்காத ஒன்று வந்தது: கவனம். அவள் குரல் தானாகவே நிமிர்ந்தது. ஐந்து நாள் சொல்லிக்கொடுத்ததையும், கடைசி வாக்கியத்தில் அவர் வழுக்கியதையும் சொன்னபோது கையை ஆட்டி, அவர் குரலில் பேசியே காட்டினாள். அக்காவின் பெண்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

“பி போட்டுட்டாங்களா?” என்று சீட்காரர் கேட்டார்.

“போட்டாங்க.”

“வியாழக்கிழமையே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

அவர் பையைக் கீழே வைத்தார்.

“சித்தி, எனக்கு என்ன எழுத்து?” என்றாள் மூத்த பெண். இருபத்திரண்டு வயது. “கேளு. ஹலோ, ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பெட் வேணும்.”

“நடு. கொஞ்சம் கெஞ்சறே.”

“எனக்கு?” என்றாள் இளையவள். “என்ன இது, எவ்வளவு நேரமா ரிங் போகுது?”

“மு. யோசிக்கவே வேண்டாம்.”

அக்கா புருஷனுக்கு மு. அக்காவுக்கும் மு. அக்கா அதை எதிர்பார்த்தவள்போல் தலையசைத்தாள், ஆனால் உதட்டோரம் பூரிப்பு. விளையாட்டு சூடு பிடித்தது. மூலைக்கு அப்பால் குளத்துக்குப் போனவர்கள் பேசுவதைக் கேட்டு அவர்களுக்கும் எழுத்துப் போட்டார்கள். காது ஒன்றில்கூடத் தயங்கவில்லை. இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்வதை யாரும் இப்படிச் சூழ்ந்து நின்று பார்த்ததில்லை.

“சித்தப்பா, நீங்களும் ஒண்ணு சொல்லுங்க,” என்றாள் இளையவள்.

“எனக்கு எதுக்கும்மா, விடுங்க,” என்றார் அவர்.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில், “பி,” என்று கத்தினார்கள். அக்கா புருஷன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அக்கா டவலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காதும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் சிரிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அவரும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க அவர் கற்றுக்கொண்டதில்லை.

“சரி, விளையாடினது போதும்,” என்று எழுந்தார் அக்கா புருஷன். “நான் போய் என் எழுத்தைக் காட்டிட்டு வர்றேன்.” மூலை திரும்பிப் போனார். ஐந்து நிமிடம் இருக்கும். அவர் கத்தியது இவர்களுக்குக் கேட்கவில்லை. கத்தியிருக்கவே மாட்டார், அந்தக் குரலுக்குக் கத்த வேண்டிய அவசியம் இருந்திருக்காது. திரும்பி வந்தபோது கூடவே இரண்டு பணியாளர்கள் வந்தார்கள். ஒருவர் பைகளை எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

“நாலு இடம் ஒழிச்சுக் குடுத்துட்டான். முன்னாடி, ஓரமா,” என்றார்.

நான்கு. அக்கா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க. உங்களுக்கு இது பழக்கம்தானே.”

மூத்த பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் கூசியிருக்க வேண்டும். “இன்னும் ஒண்ணு போட முடியாதாப்பா? சித்தியாவது வரட்டும்,” என்றாள்.

அக்கா புருஷன் பணியாளரைப் பார்த்தார். பணியாளர் கணக்குப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, “ஒண்ணு சேத்துப் போடலாம் சார். அதுக்கு மேல முடியாது,” என்றார்.

“அப்ப வா,” என்றாள் அக்கா. தங்கையிடம்தான்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள் என்பது பொய்யில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை. அல்லது கோபத்தோடு போ என்று ஒரு வார்த்தை. அதைக்கூட அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள், தன் விதி ஓர் இடத்தில் தப்பாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு அந்தச் சுவருக்கு எதிரே அவரோடு படுத்திருக்கவும் கூடும்.

“போயிட்டு வா. நான் இங்க இருக்கேன்,” என்றார் அவர். “உனக்குத்தானே பாக்கணும்னு ஆசை.”

இதைச் சொன்னபோது அந்தக் குரலில் கசப்பு இருந்ததா என்று அவள் கூர்ந்து கேட்டாள். இல்லை. ஒரு துளி இருந்திருந்தால் அந்தக் காதுக்குத் தப்பியிருக்காது. அவர் உண்மையாகவே அவள் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தார். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இப்படிப்பட்ட ஓர் ஆளோடு இருந்தால் சாகிற வரை சுவரைத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் பின்னால் ஏதோ சொன்னார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாயா என்பதாக இருக்கலாம். விசிறிச் சத்தத்தில் சரியாக விழவில்லை. என்ன என்று அவள் திரும்பிக் கேட்கவில்லை.

முன்வரிசையில் ஐந்தாவது படுக்கையை ஓரத்தில், குடையின் நிழல் முடிகிற இடத்தில் போட்டுக் கொடுத்தார்கள். கால் வெயிலில் இருந்தது. பரவாயில்லை. படுத்தாள். காற்று அவள் சொல்லியிருந்த திசையிலிருந்தே வந்தது. பழச்சாறு வந்தது. அக்கா புருஷன் யாரையும் பார்க்காமல் கையை உயர்த்தினார், அது போதுமாக இருந்தது. இளையவள் அவளைப் படம் எடுத்தாள்.

“நல்லாத்தான் இருக்குடி உன் கிளப்,” என்றாள் அக்கா, கண்ணை மூடியபடி.

நான்கு வருடம் காத்திருந்த வாக்கியம். அவள் அதை இன்னொரு முறை மனதுக்குள் கேட்டுப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்றும் இருந்தது. அந்த இரண்டாவதை அவள் வெயிலின் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

மூன்று மணி சுமாருக்கு, பணியாளர்கள் போகிற பக்கப் பாதையில் ஓர் ஆள் தோளில் பையோடு நடந்துபோவது தெரிந்தது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வெளியே பெரிய சாலைக்குப் போகிற வழி அது. நகரத்துக்கு அங்கே பஸ் நிற்கும். அவர் இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, வரிசையாகப் படுத்திருந்தவர்களில் அவளைத் தேடுவதுபோல் இருந்தது. கண்டுபிடித்தாரா என்று தெரியவில்லை. அவள் கையை உயர்த்தியிருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

“சித்தப்பா போறார் போலிருக்கே,” என்றாள் மூத்தவள் எழுந்து உட்கார்ந்து. “கூப்பிடட்டுமா?”

“வேண்டாம். அவருக்குப் பட்டறைல வேலை இருக்கு,” என்றாள் அவள்.

“ஞாயித்துக்கிழமையா?”

“அவருக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்.”

அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். “கோபம் வந்துடுச்சா உன் வீட்டுக்காரருக்கு?”

“அவருக்கா? கோபமா?” என்றாள் அவள். சொன்ன பிறகு பாதையைப் பார்த்தாள். ஆள் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்துவிட்டார். அவர் நடந்த விதத்தில் எதுவும் தெரியவில்லை. முதுகிலிருந்து ஒருவரைக் கண்டுபிடிக்க அவள் பழகியதில்லை.

நிழல் நகர்ந்து முழங்கால் வரை வெயில் ஏறியது. எழுந்து படுக்கையை உள்ளே இழுத்துப் போட்டால் அக்காவின் படுக்கையில் இடிக்கும். இடிக்காமல், காலை மடக்கிக்கொண்டு படுத்தாள்.